காலை இட்லிக்கே சர்க்கரை 150 வருகிறது, வேறு என்ன சாப்பிடலாம்? (சைவம், கர்ப்பம் ஏழாம் மாதம்)

சுண்டவத்தல்:
75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்ததில் 162. 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான் என்றார் டாக்டர். இரண்டு வாரம் சாப்பாட்டில் பார்ப்போம், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குள் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். மதியமும் ராத்திரியும் ஓரளவு அடங்கிவிடுகிறது. காலையில்தான் தகராறு. மூன்று இட்லிக்கு 150, ராகிக் கஞ்சி குடித்தால் அதற்கும் மேல். எங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது. மாமியார் வேறு "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று மாதுளை ஜூஸை நீட்டுகிறார்.

மொட்டைமாடி:
கஞ்சியை முதலில் விடுங்கள். ராகி நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென ஏறும்.

அடைப்பிரியை:
என் இரண்டாவது பிரசவத்தில் எனக்கும் காலை மட்டும்தான் படுத்தியது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால் மற்ற வேளையில் ஒத்துக்கொள்ளும் அளவு காலையில் ஒத்துக்கொள்ளாது.

எனக்குக் கைகொடுத்தது அடை. வழக்கமாகப் போடும் அரிசியைக் குறைத்து, ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு பருப்பு போட்டேன்: கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, தோலோடு பச்சைப்பயறு. மிளகாய், சோம்பு, இஞ்சி சேர்த்து ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் பாதிப் பலன் போச்சு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, நடுவில் ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விட்டு, மொறுமொறுவென்று எடுங்கள். வெல்லம், அவியல் என்று போகாமல் தயிரோடு இரண்டு அடை. பசித்தால் பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல்.

இட்லியே வேண்டும் என்றால் ஒன்றோடு நிறுத்தி, கூடவே பனீர் பொரியலோ முளைகட்டிய பயறோ வையுங்கள். சாம்பாரில் காய்த் துண்டுகளைவிடப் பருப்பு அதிகமாக இருக்கட்டும். சாப்பிட்டதும் உட்காராமல் கால் மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடங்கள், டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை. மீட்டரில் வித்தியாசம் தெரியும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். "ஜூஸ் வேண்டாம் அத்தை, முத்தாகவே கொடுங்கள்" என்று கேளுங்கள். சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டுக்கொள்ளலாம். அவருக்கும் கொடுத்த திருப்தி.

சுண்டவத்தல்:
அடைக்கு இன்றைக்கே ஊறப்போட்டுவிட்டேன். ஆனால் வெறும் வயிற்றிலும் 98, 99 என்று வருகிறது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்க்கட்டுமா? வெந்தயத் தண்ணீர், பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொல்கிறார்கள்.

அடைப்பிரியை:
ராத்திரிப் பட்டினி வேண்டவே வேண்டாம். வெகுநேரம் வயிறு காய்ந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்து, கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேரும், அது குழந்தைக்கு நல்லதில்லை. எட்டு மணிக்குள் சாப்பிட்டு, படுக்கும்போது சர்க்கரை போடாத பாலும் நாலைந்து பாதாமும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளிக்கிற வெந்தயம், பொரியலுக்குப் பாகற்காய் இரண்டும் சரி. மருந்து மாதிரி குடிப்பதெல்லாம் இந்த நேரத்தில் கூடாது.

வெறும் வயிற்று அளவு 95-க்குள் வரவேண்டும். அது பலருக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டுப்படாது, எனக்கும் படவில்லை. ராத்திரி மட்டும் இன்சுலின் போட்டுக்கொண்டேன். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் எழுதிவைத்த அளவுகளை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மொட்டைமாடி:
பிரசவமாகி 6 வாரம் ஆனதும் மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட் உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே முடித்துவிடுங்கள், அப்புறம் நேரமே கிடைக்காது.