தெருப்பக்கச் சுவர் பிரிந்து வருகிறது, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீடு, மெல்லிசான நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம்). தெருப்பக்கச் சுவர் உள்ளே இருக்கும் குறுக்குச் சுவரை விட்டு வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. விரிசல் மேலே ஒரு விரல் நுழையும் அளவு, கீழே வர வர மயிரிழை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் 35 மி.மீ. வெளியே சாய்ந்திருக்கிறது.

போன வருஷம் வந்த கொத்தனார் சிமென்டைத் திணித்துப் பூசிவிட்டுப் போனார். ஆறே மாதத்தில் பூச்சுக்குப் பக்கத்திலேயே, செங்கல்லையும் சேர்த்துப் பிளந்துகொண்டு புதுக்கோடு வந்துவிட்டது. சிமென்ட் இறுகிப்போய் அசையாது, பழைய சுவர் கொஞ்சம் நெளியத்தானே செய்யும். அப்புறம் சுவர் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க நானே விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தேன், ஐப்பசி மழையில் அது இரண்டாக உடைந்தது. மூலையில் மழைநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் கடைக்காலிலேயே இறங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன் (வெட்கம்தான்). குழாயை மாற்றியாச்சு.

இப்போது கேள்வி இதுதான். சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி கொடுத்து, வெளியே தகடு வைத்து நட்டு முறுக்கி இழுத்துப் பிடிப்பதா, இல்லை சாந்து இடுக்கைச் சுரண்டி முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பதித்துத் தைப்பதா? மாடிக் கட்டைகளின் நுனி அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது, முதலில் முட்டுக் கொடுக்க வேண்டுமா? இடித்துக் கட்டு என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள், பழைய கட்டடம் பார்க்கும் இன்ஜினியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போட்டோ அனுப்புகிறேன்.