டாட்ஜ் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்பாதையின் தலைமைப் பொறியாளர் என்றுதான் கிரென்வில் டாட்ஜைப் பலருக்கும் தெரியும். எனக்கு நெருக்கமானவர் அதற்கு முந்தைய டாட்ஜ். 1851இல் வெர்மான்டில் படிப்பை முடித்துவிட்டு இல்லினாய் பக்கம் சர்வே வேலைக்கு வந்து, மாசசூசெட்ஸில் இருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்.

ஒமாஹாவில் வேலை பார்த்தபோது, மிசௌரி ஆற்றுக்கு அக்கரையில் கவுன்சில் பிளஃப்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். அப்புறம்தான் அந்தக் கடிதங்களில் அச்சில் வந்த பகுதிகளைத் தேடிப் படித்தேன். மேற்கே நிலம் மலிவு, ரயில் வந்தால் விலை ஏறும் என்று அப்பாவுக்கு ஆசை காட்டுகிறார். நானும் சர்வே வேலையில் இருந்தவன்தான். அந்த வேகம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

1853இல், 22 வயதில், பொறியாளர் பீட்டர் டேயின் கீழ், ரயில்பாதைக்காக அயோவா மாநிலத்தைக் குறுக்காக அளக்கக் கிளம்பினார். கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 300 மைல். மேற்கு அயோவாவின் ஆறுகள் பெரும்பாலும் தெற்கே, தென்மேற்கே ஓடுபவை. நேர் மேற்கே பாதை போட்டால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி ஏறவேண்டும். சரிவு குறைந்த இடமாகத் தேடித்தேடிப் போகிற வேலை எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். நவம்பர் 22ஆம் தேதி கவுன்சில் பிளஃப்ஸை அடைந்தார்கள்.

ஆற்றுக்கு அக்கரை அப்போது ஒமாஹா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1854இல்தான் அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு அதை வாங்கியது. டாட்ஜ் உடனே அந்தப் பக்கம் எல்க்ஹார்ன் ஆற்றங்கரையில் நிலம் பிடித்தார். அப்பாவும் தம்பியும் அங்கேயே வந்துவிட்டார்கள். வேலைக்குப் போன பிள்ளையின் கடிதம் குடும்பத்தையே இழுத்து வந்துவிட்டது! ஆனால் அந்த மண்ணில் முன்பே வாழ்ந்தவர்களின் பக்கத்தை இந்தக் கடிதங்களில் தேடக்கூடாது. அதைத் தனியாகப் படித்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1859இல், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான லிங்கன் கவுன்சில் பிளஃப்ஸுக்கு வந்தபோது, பசிபிக் கடற்கரைக்கு ரயில்பாதை எந்த வழியாகப் போகலாம் என்று இவரிடம்தான் கேட்டார். இங்கிருந்து பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக என்று டாட்ஜ் சொன்னார். பின்னர் பாதை அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது.

டாட்ஜின் ஆவணங்கள் டி மாய்ன் நகரில் அயோவா மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் 1850களின் குடும்பக் கடிதங்களைக் கேட்டுப் பாருங்கள்.