வால்வை மாற்றியும் போகாத பி0401

நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். என் பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0401, அதாவது இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) ஓட்டம் போதவில்லை. மேடு ஏறும்போது கடகடவென்று நாக்கிங் சத்தம் வேறு. இஜிஆர் என்று வந்துவிட்டதே, வால்வுதான் போயிருக்கும் என்று புதுசு வாங்கி மாட்டினேன். பிழைக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது. ஐந்தாம் நாள் மறுபடி எரிந்தது.

புகை போதுமான அளவு இன்டேக்குக்கு, அதாவது காற்று இன்ஜினுக்குள் போகும் வழிக்கு, வந்து சேரவில்லை என்பது மட்டும்தான் அந்தக் குறியீட்டுக்குத் தெரியும். வால்வு திறக்காமல் இருக்கலாம், வால்வை இழுத்துத் திறக்கும் வேக்கம் (உறிஞ்சு விசை) வரும் ஹோஸ் வெடித்திருக்கலாம், அந்த வேக்கத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு செத்திருக்கலாம், ஓட்டத்தை அளக்கும் சென்சாரே பொய் சொல்லலாம். இது எனக்குப் பணம் செலவழித்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு கை வேக்கம் பம்ப் இரவல் வாங்கினேன். என் வண்டியில் இருப்பது வேக்கத்தில் திறக்கும் வால்வு. இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு, வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் பம்பைச் செருகி இழுத்தேன். எரிந்த புகை உள்ளே போனால் இன்ஜின் தடுமாற வேண்டும், அணைந்தே போனாலும் ஆச்சரியமில்லை. என் இன்ஜினோ எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வால்வுக்கு அடியில் விரலை வைத்தால் டயாப்ரம் (வால்வைத் தூக்கும் சவ்வு) மேலே ஏறுவது தெரிந்தது, பம்பின் முள்ளும் இறங்காமல் நின்றது. வால்வு திறக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது! கழற்றிப் போட்ட பழைய வால்வையும் சோதித்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. வயிறு எரிந்தது.

வால்வைக் கழற்றிப் பார்த்தால், இன்டேக் மேனிபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) போகும் துளையில் கரி கல்லாய் இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர், கம்பி, கார்ப் கிளீனர் என்று அரை நாள் வேலை. உதிர்ந்த கரி சிலிண்டருக்குள் போய்விடாமல் வேக்கம் கிளீனரால் உறிஞ்சிக்கொண்டே சுரண்டினேன். கேஸ்கெட்டும் புதிது போட்டேன். நாக்கிங் போயே போச்சு.

* * *

மேலே எழுதியவருக்கு நேர் எதிர் என் கதை. டீசல் வண்டி, கறுப்புப் புகை, இழுவை இல்லை, ஐட்லிங்கில் நடுக்கம். டர்போதான் என்று ஒர்க்‌ஷாப்பில் அடித்துச் சொன்னார்கள். நான் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (ஓடும்போதே வரும் அளவீடுகள்) திறந்தேன். கம்ப்யூட்டர் வால்வை 0 சதவீதத்துக்கு மூடச் சொல்கிறது, வால்வோ 18-இல் நிற்கிறது. வால்வு மூடும்போது போய் அமரும் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு கரித்துண்டு அதை மூடவிடவில்லை. வால்வை இயக்கும் மோட்டார் பக்கம் கிளீனர் படாமல் துடைத்து மாட்டியும் நடுக்கம் போகவில்லை. ஸ்கேனரில் வால்வின் நிலையைப் புதிதாகக் கற்கவைத்த பிறகுதான் சரியானது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் டீசலில் கரி சீக்கிரம் சேரும், என் ஓட்டம் முழுக்க அப்படித்தான்.

* * *

மேலே இருவர் சொன்னதோடு என் பங்குக்கு இன்னொன்று. டீசலில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பிரிக்கும் முன் இஜிஆர் கூலரைப் (இன்டேக்குக்குப் போகும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) பாருங்கள். என்னுடையதில் உள்ளே விரிசல். ஹெட்டைக் கழற்ற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் வால்வைக் கழற்றினேன், உள்ளே கரி வறண்டு இல்லாமல் ஈரச்சேறாக இருந்தது. கூலர்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது.