நெய்வேலி புகை தெரியற தூரத்துல இருந்துட்டு நமக்கு மட்டும் ஏன் கடைசியா கரண்ட்?

முந்திரிக்கொல்லை:
பொலம்புறேன்னு நெனச்சாலும் பரவால்ல, கேட்டே ஆகணும். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவுல எங்க ஊரு. மொட்டமாடில நின்னா அங்க இருக்கற அனல்மின் நிலைய சிம்னி புகை தெரியும். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் அடிச்சப்ப போன கரண்ட் எங்க தெருவுக்கு பொங்கல் தாண்டித்தான் வந்துச்சு, டவுன்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே லைட்டு எரிஞ்சுது. 2024 ஃபெஞ்சல் புயல்லயும் அதே கததான், நாள் கணக்கு கம்மி அவ்ளோதான். நம்ம நெலத்த தோண்டி கரி எடுக்குறாங்க, கரண்ட் மட்டும் டவுன்காரனுக்கு முதல்ல. இதுல யாருக்கு மொதல்ல குடுக்கணும்னு பிளான் இருக்கு பிளான் இருக்குன்னு சொல்றாங்க. என்ன பிளான்? பெரிய ஆபீசர் வீடு, அப்புறம் பணக்கார தெரு, மிச்சம் மீதி இருந்தா நாம.

பழைய வயர்மேன்:
தம்பி, கோவம் நியாயம்தான், ஆனா நெய்வேலிய இதுல இழுக்காத. நான் 30 வருஷத்துக்கு மேல கம்பம் ஏறுனவன். அங்க உண்டாகுறது உங்க ஊருக்குன்னு தனி வயர்ல வர்றதில்ல. 230 கேவி, 400 கேவின்னு (ஒரு கேவின்னா ஆயிரம் வோல்ட்) கெளம்பி கர்நாடகா, கேரளா, ஆந்திரா, பாண்டி வரைக்கும் பங்கு போவுது. உனக்கு வர்றது பெரிய சப்ஸ்டேஷன்ல எறங்கி, 110, அப்புறம் 33, அப்புறம் 11 கேவி ஃபீடர், அதாவது சப்ஸ்டேஷன்லருந்து ஊருக்கு வர்ற லைன், அப்புறம் உங்க டிரான்ஸ்பார்மர், அப்புறம் வீட்டுக்கு வர்ற கம்மி வோல்ட் எல்டி லைன், அதுக்கப்புறம்தான் உன் மீட்டர். தானேல இதுல எல்லாப் படியும் ஒடஞ்சுது. டவர்லருந்து ஆரம்பிச்சு கீழ வரணும். மேல சப்ளையே இல்லாம உங்க தெருவுல நாங்க போஸ்ட் நட்டு என்ன பண்றது, கொடி கட்டவா?

இன்னொண்ணு. ஒரு கேங்கு ஒரு நாள் பூரா வேல செஞ்சா ஒரு 11 கேவி ஃபீடர தூக்கி நிறுத்தலாம், அதுல ஆயிரக்கணக்குல வீடு எரியும். அதே கேங்கு அதே நாள்ல கொல்லைக்குள்ள போற எல்டி லைன போட்டா பதினஞ்சு வீடு. நீ அந்த எடத்துல ஏஇ-ஆ (உதவிப் பொறியாளரா) இருந்தா எத மொதல்ல போடுவ?

கெடிலக்கரை:
அண்ணே அந்த பதினஞ்சு வீட்டுல ஒண்ணு எங்க வீடு. எங்க அம்மாவுக்கு வீட்லயே ஆக்சிஜன் மெஷின் ஓடுது. ஆஸ்பத்திரிக்கு மொதல்ல குடுக்கறீங்க சரி, குடிதண்ணி மோட்டாருக்கு குடுக்கறீங்க சரி, செல்போன் டவருக்கும் குடுங்க. வீட்டுக்குள்ள மெஷின வச்சுகிட்டு மூச்ச புடிச்சிட்டு இருக்கற ஆளு எந்த லிஸ்ட்ல வர்றா? தல எண்ணி கணக்கு போட்டா நாங்க எப்பவுமே கடைசிதான்.

பழைய வயர்மேன்:
இதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. நாங்க கேட்ட லிஸ்ட்ல அப்படி ஒரு பேரு இருந்ததில்ல.

வில்லியனூரான்:
நான் பாண்டி. எங்களுக்கு தனி மின்துறை, உங்க ஈபி இல்ல. ஃபெஞ்சல் வந்து இங்கயே குந்திகிச்சு, நகரவே இல்ல, ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. அப்ப எங்க தெருவுல ஒரு போஸ்ட்டும் சாயல, ஒரு வயரும் அறல, ஆனா கரண்ட் இல்ல. ஏன்னா அவங்களே ஆஃப் பண்ணிட்டாங்க. இடுப்பளவு தண்ணி, மீட்டர் பாக்ஸ் முழுகி கெடக்கு, அதுல சப்ளை விட்டா பொணம்தான் மெதக்கும். புயல் காத்துன்னா போஸ்ட் நடணும், வெள்ளம்னா தண்ணி வடியற வரைக்கும் உக்காந்துதான் இருக்கணும். ரெண்டையும் போட்டு கொழப்பிட்டு "ஏன் வரல ஏன் வரல"ன்னு கத்துறதுல அர்த்தம் இல்ல. நானும் கத்துனேன், அது வேற.

தேவனாம்பட்டினம்:
எல்லாத்தயும் தரைக்குள்ள பொதைச்சுட்டா முடிஞ்சு போச்சே. கடலூர் டவுன்ல உலக வங்கி கடன்ல கேபிள் போட்டாங்கல்ல, அத கிராமத்துக்கும் போடுங்க. தானேக்கு அப்புறம் இத்தன வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

வில்லியனூரான்:
கேபிள் காத்துக்கு சாமி, தண்ணிக்கு சனி. தெரு ஓரமா கேபிள பிரிச்சு விடற பில்லர் பாக்ஸ் முழுகிடுச்சுன்னா காயற வரைக்கும் தொட முடியாது. மேல போற வயர் அறுந்தா ரோட்ல போறவன் கூட கைய காட்டுவான், கேபிள் உள்ளுக்குள்ள எங்க போச்சுன்னு மெஷின் வச்சு தேடி, தோண்டி, ஜாயின்ட் போடணும். தெருவுக்கு நாலு வீடு இருக்கற எடத்துல அத போட்டா செலவு யாரு தலைல?

தேவனாம்பட்டினம்:
செலவுன்னு பாத்தா ஐஸ் பிளான்ட் ரெண்டு நாள் நின்னா எங்க குப்பத்துக்கு ஆவற நட்டத்த யாரும் கணக்குல எழுதறதில்ல. சரி விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம், 2012 ஜூலைல வடக்க மொத்த கிரிட்டும், அதான் மாநிலங்கள இணைக்கற மின் வலை, படுத்துதே, அந்த மாதிரி இங்க ஆனா அப்பவாச்சும் நெய்வேலி பக்கத்துல இருக்கற நமக்குதான மொதல்ல வரும்?

பழைய வயர்மேன்:
வராது. கேட்டா சிரிப்பு வரும், நெய்வேலி எந்திரிக்கவே அதுக்கு வெளியில இருந்து கரண்ட் வேணும். கரிய அரைக்கற மில்லு, தண்ணி பம்ப்பு, பெரிய பெரிய ஃபேன், இதெல்லாம் சுத்துனாத்தான் பாய்லர் பத்தும். அதனால மொத்தமா போச்சுன்னா மொதல்ல எழுப்புறது அணையில இருக்கற நீர்மின் நிலையத்த. சின்ன டீசல் ஜெனரேட்டர வச்சு மதகு தெறந்தா டர்பைன் சுத்திடும். அந்த கரண்ட ஒரு லைன் வழியா அனல்மின் நிலையத்துக்கு கொண்டு போய் குடுத்து அத கெளப்பணும். நடுவுல கொஞ்சம் கொஞ்சமா லோடு ஏத்தணும், கரண்டோட வேகம் 50 ஹெர்ட்ஸ்லருந்து ஆடாம பாக்கணும், ஒரேடியா ஏத்துனா திரும்ப படுத்துடும். 2012-ல நம்ம தெக்கத்தி கிரிட்டு அவங்க கூட சேராம தனியா ஓடுனதால தப்பிச்சோம். 2013 டிசம்பர் 31 அன்னிக்குத்தான் ரெண்டயும் இணைச்சாங்க.

லோடு கத உங்க தெருவுக்கும் பொருந்தும். ஆறு நாள் கழிச்சு சப்ளை விடறோம், அந்த நிமிஷம் எல்லா வூட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒண்ணா எந்திரிக்கும், டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் டப்புனு போவும். ஒடனே "வந்து அஞ்சு நிமிஷத்துல புடுங்கிட்டான்"னு ஆபீசுக்கு முன்னாடி நிப்பீங்க. ஸ்விட்ச ஆஃப் பண்ணி வைங்கடான்னு மைக்குல சொன்னாலும் ஒருத்தன் கேக்க மாட்டான்.

முந்திரிக்கொல்லை:
மைக்குல சொன்னாங்களா? எங்க ஊருக்கு எந்த மைக்கும் வரல அண்ணே. அதான் என் பிரச்சினையே. நீங்க சொன்ன அந்த படிப்படியான வரிசை, ஃபீடர் கணக்கு எல்லாம் இன்னிக்குதான் கேள்விப்படறேன், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு எங்க ஆபீஸ்ல போய் நின்னா "வரும்", போன் பண்ணா எடுக்கல, நேர்ல போனா "நாளைக்கு". அந்த நாளைக்கு பதினெட்டு நாள் ஓடுச்சு. பத்து நாள் ஆவும்னு மொத நாளே சொல்லியிருந்தா நாங்க ஊரா சேந்து டேங்குக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருப்போம். நாளைக்கு வந்துடும்னு நம்பி தெனமும் பிள்ளைங்க கொடத்த தூக்கிட்டு அடுத்த ஊருக்கு நடந்துச்சுங்க.

பழைய வயர்மேன்:
அது தப்புதான். எங்களுக்கே தெரியாதுங்கறது பாதி உண்மை. எத்தன போஸ்ட் போச்சுன்னு மொத ரெண்டு நாள் நடந்து எண்ணித்தான் கண்டுபுடிக்கணும், ரோட்டுல மரம் கெடக்கு, உள்ள போக முடியாது. மிச்ச பாதி, தேதி சொல்லி அன்னிக்கு வரலன்னா அடி விழும்னு பயம். கஜா புயல்ல (2018) லட்சத்துக்கு மேல போஸ்ட் சாஞ்சுது, கேரளால இருந்து கூட ஆளுங்க வந்து வேல செஞ்சாங்க, அப்பயும் ஜனங்க கேட்டது ஒரே கேள்விதான், என்னிக்கு வரும்னு.

நானும் ஒண்ணு கேக்கறேன். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போம்னு சொன்னியே, எடுத்தா ஈபி லைன துண்டிச்சு ஜெனரேட்டருக்கு மாத்தற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வச்சுதான் குடுக்கணும். தானேல குறிஞ்சிப்பாடி கேம்ப்ல இருந்தப்ப ஒருத்தன் ஜெனரேட்டர் வயர நேரா பிளக்ல சொருகிட்டான். அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர்ல திருப்பி ஏறி 11 ஆயிரமா லைன்ல நிக்கும். எங்காளு லைன தரையோட சேக்கற எர்த் ராடு மாட்டிட்டு ஏறுனதால பொழச்சான். சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நம்பி அப்படியே கைய வச்சிருந்தா போயிருப்பான்.

கெடிலக்கரை:
ஐயோ. இது எங்க தெருவுல ரெண்டு வீட்ல இப்பவும் அப்படித்தான் பண்றாங்க. சொல்லி வைக்கறேன்.

அண்ணே, அம்மா மெஷின் விஷயத்துக்கு நானா ஏதாச்சும் பண்ண முடியுமா, மழை வரதுக்கு முன்னாடி?

பழைய வயர்மேன்:
சிலிண்டர் ஒண்ணு ஸ்பேர் வச்சுக்கோ, அது மொதல்ல. அப்புறம் உங்க டிரான்ஸ்பார்மர் கம்பத்துல பேரும் கேவிஏவும் (அதோட கொள்ளளவு) பெயிண்ட்ல எழுதியிருக்கும், அத குறிச்சுக்கோ. எந்த சப்ஸ்டேஷன், எந்த ஃபீடர்னு லைன்மேன்கிட்ட கேட்டு வை. செக்ஷன் ஆபீஸ்ல லெட்டர் எழுதி சீல் வாங்கிக்கோ. புயலன்னிக்கு போன்ல "எங்க தெரு"ன்னு சொல்லாத, அந்த பேர சொல்லு. ஆளு எடுத்தா நேரா விஷயத்துக்கு வருவான்.

முந்திரிக்கொல்லை:
எங்க டிரான்ஸ்பார்மர்ல எழுத்தே அழிஞ்சு கெடக்கு அண்ணே. சாயந்தரம் போட்டோ எடுத்து போடறேன், படிக்க முடியுதான்னு நீங்களே பாருங்க.