சேலை கார்டு இல்லாத ஹோண்டா

*நம்ம வீட்டு ஆட்கள்* (வாட்ஸ்அப் குழு)

நான்: டேங்க்கைக் கழற்றிப் பெயின்ட் கடையில் கொடுத்துவிட்டேன். என் ஹோண்டா ஹைனஸ் சிபி 350 பைக் இனி 1969 ஹோண்டா சிபி 750 மாதிரி சிவப்பாக வரும். பெயின்ட் ரேட் கொஞ்சம் அதிகம்தான். யாரும் திட்ட வேண்டாம் 🙏

அம்மா: நல்லாத்தானே இருந்தது அந்த வண்டி

பெரிய மாமா: மாப்ள, அந்த 750-க்கு நாலு சிலிண்டர், நாலு சைலன்சர். உன் வண்டிக்கு ஒன்றே ஒன்று. மீதி மூன்றை வெல்டிங் வைத்து ஒட்டப் போகிறாயா 😂

நான்: எஞ்சின் பக்கமே போகவில்லை மாமா. டேங்க், சைடு பேனல், ஹெட்லைட் கிண்ணம், சீட், வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான். முதலில் வந்த 750-இல் ஹெட்லைட் கிண்ணத்துக்கும் டேங்க் நிறம்தான், பிறகுதான் கறுப்பாக்கினார்கள். டேங்க்குக்கு மட்டும் அடித்தால் பாதி வேஷம் போட்ட மாதிரி இருக்கும்.

குட்டி: அண்ணா, சிவப்பு அடிக்கவா இவ்வளவு ரேட்?

நான்: டேய், அது கேண்டி பெயின்ட். அடியில் வெள்ளி நிறம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற சிவப்பு, அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். வெளிச்சம் சிவப்பைத் தாண்டிப் போய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்தப் பளபளப்பு. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் அடர்த்தியாகிக்கொண்டே போகும், அதனால் எல்லாப் பாகத்தையும் ஒன்றாகத் தொங்கவிட்டு ஒரே கணக்கில் அடிக்க வேண்டும், நாளைக்கு எங்காவது கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் டச்-அப் பண்ணினால் திட்டாகத் தெரியும், முழுப் பேனலையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான். பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த கிளியர்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் பங்கில் பெட்ரோல் சிந்தினாலே போச்சு.

குட்டி: ஸ்போக் வீல் போடலையா? அதுதானே கெத்து

நான்: ஆசைதான். ஆனால் டியூப் போட வேண்டி வரும். பஞ்சரானால் நடுரோட்டில் நிற்பது நான்தானே, நீயா வருவாய்?

பெரிய மாமா: என்னைக் கேட்டால் ஜப்பான் பழைய வண்டி என்றால் நமக்கு ஓசூரில் செய்த இந்த்-சுசுகி 100 சிசிதான். 84-இல் வந்தது. டூ ஸ்ட்ரோக், அந்தப் புகை வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. 750-ஐ அப்போது நம்ம தெருவில் யார் பார்த்தது? பார்க்காத வண்டிக்கு ஏங்குகிறாய் நீ.

நான்: பார்க்காததால்தான் மாமா 😄

வக்கீல் அக்கா: ஆர்சியில் என்ன நிறம் இருக்கிறது? மாற்றினால் ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி ஆர்சியில் ஏற்று, இன்சூரன்ஸுக்கும் தெரிவி. சைலன்சர், ஃபிரேம் தொடாதே. 2019-இலேயே உச்ச நீதிமன்றம் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருட மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஜெயிலும் எழுதியிருக்கிறது.

நான்: நிறத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன் அக்கா. ஜிபி ரோட்டில் சீட்டைத் தட்டையாக்கக் கொடுத்திருக்கிறேன், அதோடு சேலை கார்டையும் கழற்றிவிட்டேன். அந்த 750-இல் அது கிடையாது.

அம்மா: என்னது????

வக்கீல் அக்கா: மோட்டார் வாகன விதி 123-ஐப் படி. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், பின் சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு வேண்டும். சேலை கார்டும் கைப்பிடிக் கம்பியும் இருந்தே ஆக வேண்டும்.

அம்மா: விதி கிடக்கட்டும். நான் எப்படி உட்காருவேன்? போன வருடம் பக்கத்து வீட்டு அத்தையின் முந்தானை சக்கரத்தில் சுற்றியது ஞாபகம் இல்லையா

நான்: ...சரி. மாட்டிவிடுகிறேன். குரோம் போட்டுத்தான் மாட்டுவேன், அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

பெரிய மாமா: ஜப்பான்காரனே பார்த்தால் அசந்துபோவான் 😂😂

அம்மா: கம்பியும் இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா? வடபழனி போகணும்

நான்: பெயின்ட் நன்றாகக் காயணும் அம்மா, பத்து நாளாவது ஆகும்.

அம்மா: அப்போ பஸ்ஸுக்கு நீயும் கூட வா