புதுப்பிப்பு: ‘என்ஜாய்’ விஷயத்தில் தோற்றுவிட்டேன்

குற்றாலம் போய்வந்ததைப் பற்றி என் மகள் எழுதிய கட்டுரையில் ‘வீ என்ஜாய்ட் எ லாட்’ என்ற வரியை டீச்சர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அது பிழையே இல்லை என்று சென்ற வாரம் இங்கே வரிந்துகட்டிக்கொண்டு எழுதி, பந்தயமும் கட்டியிருந்தேன். (2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் திருநெல்வேலிக்காரர்களுக்குக் குற்றாலம் இன்னும் எங்கள் குற்றாலம்தான்.)

அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். ‘என்ஜாய்’ செயப்படுபொருள் கேட்கும் வினை. எதை அனுபவித்தோம் என்று சொல்லியாக வேண்டும்: ‘வீ என்ஜாய்ட் தி ஃபால்ஸ்’. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எழுவாயையே திருப்பி அந்த இடத்தில் உட்காரவைக்க வேண்டும்: ‘வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’. ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றோம்; அதற்கு ‘எங்களையே அனுபவித்தோம்’ என்பதா? தமிழ்க் காதுக்கு விநோதம்தான்.

செயல் செய்தவரையே திரும்பிச் சேர்வதைக் காட்டும் நம் ‘கொள்’ துணைவினை போலத்தானே இது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல ஒப்பீடு, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நாம் ‘சவரம் செய்துகொண்டான்’ என்போம். ஆங்கிலத்தில் ‘ஹி ஷேவ்ட்’ என்றாலே போதும், ‘ஹிம்செல்ஃப்’ தேவையில்லை.

ஓட்டலில் தட்டை வைத்துவிட்டு ‘என்ஜாய்!’ என்கிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். அது பேச்சில் ஏவலாகச் செல்லும். பரீட்சைத் தாளில் செல்லாது.

மகள் திருத்தி எழுதிவிட்டாள். பந்தயப்படி அரைக் கிலோ அல்வா வாங்க இன்று மாலை டவுனுக்குப் போகிறேன்.