புதுப்பிப்பு: டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் பிடிஎஃப் ரீடரில் திறந்த பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: சத்துவாச்சாரி வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த ஐகானைத் தொட்டாலும் பிடிஎஃப் ரீடர்தான் திறந்தது. காட்பாடியில் ஒரு கடையில் ஃபார்மேட் பண்ணச் சொன்னார்கள். அதில் அம்மாவின் பழைய போட்டோக்கள் இருந்ததால் எனக்கு மனசு வரவில்லை.

காரணம் இப்போது தெரிந்தது. அப்பா ஒரு ஷார்ட்கட்டை (புரோகிராமைத் திறக்க டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்) 'ஓப்பன் வித்', அதாவது எதில் திறப்பது என்று தேர்வு செய்யும் வசதி, கொடுத்து பிடிஎஃப் ரீடரில் திறந்திருக்கிறார். ஷார்ட்கட் எல்லாமே 'எல்என்கே' என்ற ஒரே வகை ஃபைல். ஒன்றுக்குச் சொன்னது அத்தனைக்கும் ஒட்டிக்கொண்டது. புரோகிராம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி 'ரெஜ்எடிட்' என்று டைப் செய்து திறந்தேன். விண்டோஸின் உள் செட்டிங்குகளை மாற்றும் இடம் அது. எச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று உள்ளே போனால் புள்ளியோடு 'எல்என்கே' இருக்கும். அதற்குள் 'யூசர்சாய்ஸ்' என்று ஒன்று; அந்த வகை ஃபைலை எதில் திறப்பது என்று நாம் தேர்வு செய்தது அதில்தான் பதிவாகும். ஷார்ட்கட்டுக்கு அது இருக்கவே கூடாது. முதலில் எக்ஸ்போர்ட் செய்து காப்பி வைத்துக்கொண்டேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். அப்புறம் 'யூசர்சாய்ஸ்' மட்டும் டெலீட், ஒரு ரீஸ்டார்ட். ஐகான்கள் பழையபடி வந்துவிட்டன.

போட்டோக்கள் பத்திரம். அன்று இரவே பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.